வீட்டில் வளர்ப்போம் வெண்புழு

கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன் வளர்க்கும் மாணவர்களுக்கு ஒரு கேள்வி. கடையில் விற்கும் உலர்ந்த தீவனத்தைத் தூவும்போது உங்கள் மீன்கள் அதை எப்படி உண்கின்றன என்று கூர்ந்து பார்த்திருக்கிறீர்களா? சில மீன்கள் உடனே கவ்வும். சில மீன்கள் வாயில் வாங்கி, மறுகணமே துப்பிவிடும். முட்டையிலிருந்து வந்து சில நாள்களே ஆன குஞ்சுகளோ அந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டா. அதே தொட்டியில் நெளியும் புழு ஒன்றை விட்டுப் பாருங்கள். மூலையில் ஒதுங்கியிருந்த மீனும் பாய்ந்து வரும்.

இதற்குக் காரணம் எளிது. குளத்திலும் ஓடையிலும் பல மீன்களின் இரை அசையும் இரையே. கொசுப்புழு, நீர்த்தெள்ளு, சிறு புழுக்கள் எல்லாம் துள்ளியும் நெளிந்தும் தம்மைக் காட்டிக் கொள்கின்றன. 'அசைவது உணவு' என்பது மீன் கண்ட பாடம். அசையாமல் மிதக்கும் துகளை உணவென்று அறிய அது தனியே பழக வேண்டும். குஞ்சு அப்படிப் பழகுவதற்குள் பட்டினியால் இறந்துவிடலாம். முட்டையிட்ட மீன்களின் குஞ்சுகள் ஒரு வாரத்தில் ஒவ்வொன்றாகக் காணாமற்போவதை மீன் வளர்க்கும் பலர் கண்டிருப்பார்கள். பெரும்பாலும் அதற்குக் காரணம் நோய் அன்று. தகுந்த உயிருணவு இல்லாமையே.

உயிருணவு என்றதும் கடையில் கிடைக்கும் சிவந்த டியூபிஃபெக்ஸ் புழுதான் நினைவுக்கு வரும். அது சாக்கடையிலும் கழிவுநீர் ஓடும் கால்வாய்ச் சேற்றிலும் செழித்து வாழ்வது. நன்றாகக் கழுவாமல் கொடுத்தால் அந்தச் சேற்றின் கிருமிகளும் நஞ்சும் புழுவுடன் நம் தொட்டிக்குள் வந்து சேரும். அப்படியானால் நோயும் வரக்கூடாது, உயிருணவும் வேண்டும் என்பதற்கு வழி என்ன? வீட்டிலேயே, ஒரு சிறு டப்பாவில், தூய்மையான புழுவை நாமே வளர்த்துக் கொள்வதுதான். அதற்கு ஏற்றவை வெண்புழுவும், அதன் தம்பி போன்ற கிரிண்டல் புழுவும்.

பெயர் வந்த கதை

வெண்புழுவின் அறிவியல் பெயர் என்கைட்ரேயஸ் ஆல்பிடஸ். 1837ஆம் ஆண்டில் இதை விவரித்துப் பெயரிட்டவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஹென்லே. இந்தப் பெயரை எங்கோ கேட்டது போல் இருக்கிறதா? உயிரியல் பாடத்தில் சிறுநீரக நுண்குழலைப் படிக்கும்போது 'ஹென்லே வளைவு' என்று படிக்கிறோமே, அதே ஹென்லேதான்! மனித உடலை நுண்ணோக்கியில் ஆராய்ந்து புகழ்பெற்ற அவர், இளமையில் இந்தச் சிறு புழுவையும் அதே பொறுமையுடன் ஆராய்ந்தார்.

'என்கைட்ரேயஸ்' என்றால் கிரேக்க மொழியில் 'பானைக்குள் இருப்பது' என்று பொருள். பூந்தொட்டியின் ஈர மண்ணில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த புழுக்கள் அடிக்கடி காணப்படும். 'ஆல்பிடஸ்' என்ற இலத்தீன் சொல் வெண்மையைக் குறிக்கும்.

மண்புழுவின் உறவினர்

உங்கள் பாடநூலில் உள்ள மண்புழுவை, அதாவது லாம்பிட்டோ மாரிட்டியை, நினைவுக்குக் கொண்டு வாருங்கள். வெண்புழுவும் அதைப் போலவே வளைதசைப் புழுத் தொகுதியைச் சேர்ந்தது. உடல் வளையம் வளையமாகப் பிரிந்திருக்கும். கண் இல்லை, ஆனால் ஒளியை உணர்ந்து இருளை நோக்கி விலகும். நுரையீரலோ செவுளோ இல்லை; ஈரமான தோல் வழியாகவே சுவாசிக்கும். தோல் காய்ந்தால் மூச்சும் நின்றுவிடும்.

வேறுபாடுகளும் உண்டு. வளர்ந்த வெண்புழுவின் நீளம் 2 முதல் 4 சென்டிமீட்டர் வரைதான். அதன் குருதி நிறமற்றது. எனவே மண்புழுவின் செந்நிறம் இதற்கு இல்லை. லாம்பிட்டோவில் நுண்முட்கள் ஒவ்வொரு வளையத்தையும் சுற்றி அமைந்திருக்கும். வெண்புழுவில் ஒவ்வொரு வளையத்திலும் நான்கு சிறு கற்றைகளாக அமைந்திருக்கும். லாம்பிட்டோவில் 14 முதல் 17 வரையுள்ள கண்டங்களில் இருக்கும் கிளைடெல்லம், வெண்புழுவில் 12, 13ஆம் கண்டங்களில் இருக்கும். தோல் ஒளி ஊடுருவுவதாக இருப்பதால், ஒரு புழுவைக் கண்ணாடித் தகட்டில் ஒரு துளி நீரில் வைத்துப் பள்ளி நுண்ணோக்கியின் குறைந்த உருப்பெருக்கத்தில் பார்த்தாலே குடலும் அதில் நகரும் உணவும் தெரியும். அறுத்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

மண்புழுவைப் போலவே இதுவும் இருபால் உயிரி. ஒவ்வொரு புழுவிலும் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் உண்டு. ஆயினும் இரண்டு புழுக்கள் சேர்ந்து விந்தணுக்களைப் பரிமாறிக் கொள்கின்றன. பிறகு கிளைடெல்லத்தில் சுரக்கும் பொருளால் முட்டைக்கூடு உருவாகிறது. ஒரு கூட்டில் 1 முதல் 35 முட்டைகள் வரை இருக்கலாம். கூட்டிலிருந்து வெளிவரும் குட்டிப்புழு வெள்ளை நூல் துணுக்குப் போல இருக்கும்.

இயற்கையில் இவை எங்கே வாழ்கின்றன? குளிர்ந்த நாடுகளின் கடற்கரையில் ஒதுங்கி அழுகும் கடற்பாசிக் குவியல்களிலும், எருக்குழிகளிலும் வாழ்கின்றன. அழுகும் பொருளையும் அதில் வளரும் நுண்ணுயிரிகளையும் தின்று மண்ணாக்குவதே இவற்றின் தொழில். இவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த பல இனங்கள் வடநாட்டு ஊசியிலைக் காடுகளில் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் பல்லாயிரக்கணக்கில் இருக்கின்றன. மண்புழு குறைவாக உள்ள அந்த அமில மண்ணில் சருகை மக்கச் செய்யும் பெரும்பணி இவற்றினுடையது.

குளிர் விரும்பும் புழு

இப்போது வளர்ப்புக்கு முதன்மையான ஒரு செய்திக்கு வருவோம். வெண்புழு குளிர் விரும்பி. ஆர்க்டிக் பகுதியில் வாழும் வெண்புழுக்கள் உடலிலுள்ள நீரின் ஒரு பகுதி உறைந்து பனிக்கட்டியானாலும் பிழைத்துக் கொள்கின்றன. அப்போது அவற்றின் உடலில் குளூக்கோஸ் மிகுதியாகச் சேர்ந்து செல்களைக் காக்கிறது.

12° செ. வெப்பநிலையில் வெண்புழு முதிர்ச்சி அடைய 74 நாள்கள் ஆகின்றன. 18° செ. வெப்பநிலையில் 33 நாள்களே போதும். 6 டிகிரி கூடியதும் காலம் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது! உடலுக்குள் நடப்பவை எல்லாம் வேதிவினைகள். வெப்பம் கூடினால் வேதிவினைகள் விரையும் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

அப்படியானால் 30° செ. வெப்பத்தில் இன்னும் விரைவாகப் பெருகுமா? அங்கேதான் தவறிவிடக்கூடாது. வெப்பம் கூடக்கூடப் புழுவுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் கூடுகிறது. ஆனால் நீரில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. 15° செ. வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 10 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும், 30° செ. வெப்பத்தில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான். புழு சுவாசிப்பது தோலைச் சுற்றியுள்ள மெல்லிய நீர்ப்படலத்தின் வழியாக அல்லவா? தேவை கூடும்போது வரவு குறைந்தால் என்ன ஆகும்! இது போதாதென்று, நாம் இட்ட உணவில் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் அதே வெப்பத்தில் விரைவாகப் பெருகி, எஞ்சிய ஆக்சிஜனையும் பங்கு போட்டுக் கொள்கின்றன. ஆகவே வெப்பம் இரு புறமும் அடிக்கிறது. 25 டிகிரியைத் தாண்டினால் வெண்புழுப் பெட்டி சோர்ந்து, பின் அழியத் தொடங்கும்.

உதகை, கொடைக்கானல், இலங்கையின் நுவரெலியா போன்ற மலை ஊர்களில் வாழும் மாணவர்கள் வெண்புழுவை எளிதில் வளர்க்கலாம். சமவெளியில் என்ன செய்வது? குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் 4° செ. அளவில் புழு உயிரோடு இருக்கும். ஆனால் மிக மெதுவாகவே வளரும்.

சமவெளி மாணவர்களுக்கு இயற்கையே ஒரு மாற்று தந்திருக்கிறது. அதுதான் கிரிண்டல் புழு. அறிவியல் பெயர் என்கைட்ரேயஸ் புக்கோல்சி. 1940களில் ஸ்வீடன் நாட்டு மீன் வளர்ப்பாளர் ஒருவர் இதைப் பிரித்தெடுத்து வளர்த்தார். அவர் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. நீளம் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர். பருமன் அரை மில்லிமீட்டர். 20 முதல் 27° செ. வரையுள்ள வெப்பத்தில் நன்றாகப் பெருகும். வளர்க்கும் முறை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. எனவே கீழே சொல்வதை இரண்டுக்கும் கொள்ளுங்கள்.

பெட்டி தயாரிப்போம்

தேவையானவை: மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா (ஐஸ்கிரீம் டப்பா போதும்), தேங்காய் நார்த்தூள், டப்பாவுக்குள் அடங்கும் ஒரு கண்ணாடித் துண்டு அல்லது தட்டையான பிளாஸ்டிக் துண்டு, மெல்லிய துணி, தொடக்கப் புழுக்கள்.

தயிர் வேண்டுமானால் உறைமோர் வேண்டும். புழுவுக்கும் அப்படித்தான். முன்பே வளர்ப்பவரிடமிருந்து ஒரு தேக்கரண்டி அளவு புழுவை மண்ணுடன் வாங்கிக் கொள்ளுங்கள். சென்னை கொளத்தூர் போல வண்ண மீன் வளர்ப்பவர்கள் நிறைந்த இடங்களில் கேட்டுப் பெறலாம். தோட்டத்தில் தோண்டி எடுத்த ஏதோ ஒரு புழுவை விட வேண்டாம்.

1. நார்த்தூளை வாளி நீரில் ஊறவைத்து, நீரை இறுத்து, மீண்டும் நீர் ஊற்றுங்கள். இறுத்த நீரின் பழுப்பு நிறம் வெளிறும்வரை இப்படிச் செய்தால் அதிலுள்ள உப்பும் சாயமும் போகும். தோட்டத்து மண்ணைப் பயன்படுத்துவதானால் உரமோ பூச்சிமருந்தோ படாத மண்ணாக இருக்க வேண்டும்.

2. நார்த்தூளைப் பிழிந்து டப்பாவில் 5 சென்டிமீட்டர் உயரத்திற்கு இளக்கமாகப் பரப்புங்கள். அழுத்த வேண்டாம், இடையிடையே காற்று இருக்க வேண்டும். ஈரம் சரியா என்று அறிய ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளி கசிந்தால் சரி. நீர் ஒழுகினால் அதிகம். ஒன்றுமே கசியாவிட்டால் குறைவு.

3. மூடியில் ஒரு ரூபாய் அளவுக்குத் துளையிட்டு, அதன்மேல் மெல்லிய துணியை ஒட்டுங்கள். காற்று வரும், ஈ வராது.

4. நடுவில் சிறு குழி செய்து புழுக்களை இடுங்கள். அதன்மேல் ஒரு சிட்டிகை உணவை வைத்து, கண்ணாடித் துண்டால் மூடுங்கள். கண்ணாடியின் கூர்மையான விளிம்பைப் பெரியவர்களிடம் கொடுத்துத் தேய்த்து மழுங்கச் செய்துகொள்வது அவசியம்.

5. டப்பாவை இருட்டான, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். சர்க்கரை டப்பாவை எறும்பிடமிருந்து காக்க வீட்டில் என்ன செய்கிறார்கள்? நீர் நிறைந்த தட்டின் நடுவே வைக்கிறார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

என்ன கொடுப்பது? எவ்வளவு கொடுப்பது?

உணவு வகையில் புழுவுக்குப் பிடிவாதம் இல்லை. நீரில் நனைத்த ரொட்டித்துண்டு, உப்பிடாத கேழ்வரகு அல்லது கோதுமைக் கஞ்சி, ஊறவைத்த ஓட்ஸ், பொடித்த மீன் தீவனம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று போதும். உப்பு, எண்ணெய், மசாலா சேர்ந்த எதுவும் வேண்டாம்.

அளவில்தான் எல்லாம் இருக்கிறது. புதிதாகப் புழு வளர்ப்பவர்களின் பெட்டி அழிவதற்கு முதல் காரணம் பட்டினி அன்று, மிச்சம். புழு பல நாள் பசி தாங்கும். ஆனால் அது தின்னாமல் விட்ட உணவு நொதித்து, புளித்து, அழுகி, பெட்டியிலுள்ள ஆக்சிஜனைக் குடித்துவிடும். அம்மோனியா போன்ற நச்சுப் பொருள்களும் சேரும். இட்ட உணவே நஞ்சாகிவிடும்!

ஆகவே ஒரே விதி: இன்று வைத்த உணவு நாளையோ நாளை மறுநாளோ தீர்ந்திருக்க வேண்டும். தீர்ந்திருந்தால் அடுத்த முறை சற்றுக் கூட்டுங்கள். எஞ்சியிருந்தால் அதை எடுத்தெறிந்துவிட்டு அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள். முதல் இரண்டு வாரம் ஒரு சிட்டிகைக்கு மேல் தேவைப்படாது. புழு பெருகப் பெருகத் தேவை தானாகவே கூடும். எத்தனை சிட்டிகை என்பதை உங்கள் பெட்டிதான் சொல்ல வேண்டும். எந்தப் புத்தகமும் சொல்ல முடியாது.

அறுவடை

ஒன்று முதல் ஒன்றரை மாதத்தில் கண்ணாடித் துண்டைத் தூக்கினால் அதன் அடிப்பக்கத்தில் வெள்ளை நூற்கண்டு போலப் புழுக்கள் திரண்டிருக்கும். துண்டை ஒரு கிண்ண நீரில் அலசினால் புழுக்கள் அடியில் தங்கும். நார்த்தூளும் உணவுத் துணுக்கும் மேலே மிதக்கும். மேல்நீரை இறுத்துவிட்டு இரண்டு முறை அலசிய பின் மீனுக்குக் கொடுங்கள். ஒரே நாளில் எல்லாப் புழுவையும் எடுத்துவிடக் கூடாது. பெட்டியில் எப்போதும் பாதிக்கு மேல் இருக்கட்டும். அவைதாம் உங்கள் முதல். நீங்கள் எடுப்பது வட்டி.

எந்த மீனுக்கு எது? கிரிண்டல் புழு கப்பி, ஃபைட்டர், டெட்ரா போன்ற சிறு மீன்களுக்கும், சற்று வளர்ந்த குஞ்சுகளுக்கும் பொருந்தும். வெண்புழு தங்கமீன், ஏஞ்சல், கௌராமி போன்ற வளர்ந்த மீன்களுக்கு ஏற்றது. பிறந்து சில நாளே ஆன நுண்குஞ்சுகளின் வாய்க்கு இரண்டுமே பெரியவை. அவற்றுக்கு முதலில் இன்ஃபுசோரியாவும், பிறகு அப்போதே பொரித்த ஆர்ட்டீமியாக் குஞ்சுகளும், அதன்பின் கிரிண்டலும் எனப் படிப்படியாகச் செல்ல வேண்டும். இரையின் அளவு மீனின் வாயளவைத் தாண்டக்கூடாது.

இப்புழுக்களின் உலர் எடையில் பாதிக்கு மேல் புரதம். கொழுப்பும் கணிசமாக உண்டு. முட்டையிடவிருக்கும் மீன்களுக்கு இது நல்ல ஊட்டம். ஆனால் தினமும் இதையே கொடுத்தால் தொட்டிக்குள் நீந்தித் திரியும் மீன் கொழுத்துவிடும். வாரம் இரண்டு மூன்று முறை போதும். அதுவும், சில நிமிடங்களில் மீன்கள் தின்று முடிக்கும் அளவே. தப்பிய புழு தொட்டியின் கூழாங்கல்லுக்குள் ஒளிந்து, பின் இறந்து அழுகி நீரைக் கெடுக்கும். மிச்சம் நஞ்சாகும் என்ற அதே விதி இங்கும் பொருந்துகிறது, பார்த்தீர்களா!

பெட்டிக்கு வரும் நோய்கள்

புளித்த நாற்றம்: உணவு மிகுதி அல்லது நீர் மிகுதி. மிச்சத்தை அகற்றி, மண்ணைக் கிளறி, இரண்டு நாள் உணவு வைக்காமல் விடுங்கள். நல்ல பெட்டியில் மழை பெய்த மண்ணின் மணம் வரும்.

வெண்பஞ்சு போன்ற பூஞ்சை: உணவை அப்படியே எடுத்தெறியுங்கள். அடுத்த முறை அளவைக் குறையுங்கள்.

புழுக்கள் மூடியிலும் பக்கச் சுவரிலும் ஏறுதல்: கீழே மூச்சுத் திணறுகிறது என்று பொருள். இது புழு உங்களுக்கு எழுதும் புகார்க் கடிதம். ஈரத்தையும் வெப்பத்தையும் உடனே பாருங்கள்.

உருண்டையான சிற்றுண்ணிகள்: சிலந்தி இனத்தைச் சேர்ந்த இவை உணவைப் பங்கு போடும். பெட்டியில் நீர் ஊற்றினால் உண்ணிகள் மிதக்கும், புழுக்கள் அமிழும். மிதப்பவற்றை வழித்தெறிந்து, புழுவை அலசிப் புதிய நார்த்தூளில் தொடங்குங்கள். பூச்சிமருந்து தெளிக்கவே கூடாது. அது புழுவையும் கொல்லும், புழு வழியாக மீனையும் கொல்லும்.

எந்தப் பெட்டியும் ஒருநாள் கெடலாம். எனவே முதல் பெட்டி நிறைந்ததும் அதிலிருந்து இரண்டாவது ஒன்றைத் தொடங்கி வேறிடத்தில் வையுங்கள்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

சோதனை 1: மூன்று சம அளவுக் கிண்ணங்களில் சம அளவு நார்த்தூள் இடுங்கள். மென்மையான தூரிகையால் ஒவ்வொன்றிலும் வளர்ந்த 10 புழுக்களை விடுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை, முதல் கிண்ணத்திற்கு ஒரு சிட்டிகை, இரண்டாவதற்கு மூன்று சிட்டிகை, மூன்றாவதற்கு ஒரு தேக்கரண்டி என்று ஒரே வகை உணவை இடுங்கள். இந்தச் சோதனையில் மட்டும் மிச்சத்தை அகற்ற வேண்டாம். ஆறு வாரம் கழித்து, கறுப்புத் தட்டில் நீர் ஊற்றி, ஒவ்வொரு கிண்ணத்தையும் சிறிது சிறிதாகக் கரைத்துப் புழுக்களை எண்ணுங்கள். உணவு அளவை ஒரு அச்சிலும் புழு எண்ணிக்கையை மறு அச்சிலும் வைத்து வரைபடம் வரையுங்கள். கோடு நேராக ஏறுகிறதா, வளைகிறதா?

'இது விளையாட்டு' என்று எண்ண வேண்டாம். ஆய்வுக்கூடங்களிலும் இப்படித்தான் செய்கிறார்கள்! மண்ணில் கலந்த ஒரு வேதிப்பொருள் உயிர்களுக்குத் தீங்கானதா என்று அறிய, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் மேம்பாட்டு அமைப்பு 2004ஆம் ஆண்டில் வகுத்த சோதனை முறையில் வெண்புழுவே அளவுகோல். சிறு கலத்து மண்ணில் வளர்ந்த 10 புழுக்களை விட்டு, மூன்று வாரம் கழித்து அவற்றை எடுத்துவிட்டு, ஆறாம் வார இறுதியில் எத்தனை குட்டிகள் இருக்கின்றன என்று எண்ணுகிறார்கள். வேதிப்பொருள் கலக்காத மண் கொண்ட கலங்களும் பக்கத்திலேயே இருக்கும். அவை ஒப்பீட்டுக்கு. ஒப்பீடு இல்லாத சோதனை சோதனையாகாது என்பதை மறவாதீர்கள்.

சோதனை 2: ஒரு பெரிய மண்பானைக்குள் ஈர மணல் பரப்பி, அதனுள் சிறு மண்பானையை வையுங்கள். இரண்டுக்கும் இடையில் மணலை நிரப்பி நீர் ஊற்றுங்கள். சிறு பானைக்குள் ஒரு புழுப்பெட்டி, மேசைமேல் மற்றொன்று. தினமும் பிற்பகல் 2 மணிக்கு இரண்டின் வெப்பநிலையையும் குறித்து வாருங்கள். சாதாரண வெப்பத்தில் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை. அந்த வெப்பத்தைப் பானையிலிருந்தே நீர் எடுத்துக்கொள்கிறது. குடிநீர்ப் பானை குளிர்வதும் இதனால்தானே? ஆனால் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் நீர் ஆவியாவது குறையும். ஆகவே இந்தப் பானை மதுரையின் வறண்ட கோடையில் நன்றாகக் குளிரும். சென்னைக் கடற்கரையின் புழுக்கத்தில் அவ்வளவாகக் குளிராது. உங்கள் ஊரில் எத்தனை டிகிரி குறைகிறது? அது வெண்புழுவுக்குப் போதுமா, அல்லது கிரிண்டலுக்குத்தான் போதுமா? எண்ணைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

சில எச்சரிக்கைகள்

பெட்டியைத் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். புழு அலசும் கிண்ணத்தைச் சமையலறைப் பாத்திரங்களோடு சேர்க்காதீர்கள். வேண்டாத புழுக்களைத் தோட்டத்திலோ குளத்திலோ கொட்டாதீர்கள். அயலூர் உயிர்களை நம் மண்ணில் விடுவது நல்ல பழக்கம் அன்று. நண்பருக்குக் கொடுத்து இன்னொரு பெட்டி தொடங்கச் சொல்லுங்கள்.

ஒரு சிறு டப்பாவுக்குள் எத்தனை பாடங்கள் அடங்கியிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். வளைதசைப் புழுவின் உடலமைப்பு விலங்கியல். வெப்பமும் வினைவேகமும் வேதியியல். பானையின் குளிர்ச்சி இயற்பியல். புழு, பாக்டீரியா, பூஞ்சை மூன்றும் ஒரே உணவுக்கும் ஒரே காற்றுக்கும் போட்டியிடுவது சூழலியல். அந்தப் போட்டியில் புழு வெல்வதும் தோற்பதும் உங்கள் விரல்கள் எடுக்கும் சிட்டிகையின் அளவைப் பொறுத்தது. அந்த அளவைக் கற்றுக்கொண்டவர் தொட்டியில், அடுத்த முறை பொரிக்கும் குஞ்சுகள் ஒரு வாரத்தில் மறைந்து போகா.

சிந்தித்து விடை காணுங்கள்

1. வெண்புழு பட்டினியைவிட மிகுதி உணவால் எளிதில் இறப்பது ஏன்?

2. 12 டிகிரியிலிருந்து 18 டிகிரிக்கு வெப்பம் உயர்ந்தபோது புழு விரைவாக முதிர்ந்தது. அப்படியிருக்க 30 டிகிரியில் வளர்ச்சி கெடுவதற்கு இரண்டு காரணங்கள் கூறுக.

3. கிளைடெல்லம் இல்லாத புழு ஒன்றை உங்கள் பெட்டியில் காண்கிறீர்கள். அதன் வயதைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

4. சோதனை 1இல் மூன்று கிண்ணங்களிலும் புழு எண்ணிக்கையும் நார்த்தூள் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றது ஏன்?